கிழக்கு பார்த்த நாலு லைட்

கரண்டே கொடுக்காத லைட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

ரஞ்சன்குடியில், கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு விழாவுக்காகப் போட்ட மேடை. காலை எட்டு மணி இருக்கும். ஜெனரேட்டர் வண்டி இன்னும் வந்து சேரவில்லை. வயர்கள் சுருட்டியபடியே கிடந்தன. நான் ரோட்டோரக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், மேடைக்கு முன்னால் தரையில் வைத்திருந்த பீம் லைட்டின் கழுத்துப் பக்கத்திலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஓர் இழை மேலே போகிறது.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. யாரோ பக்தியாக ஊதுபத்தி செருகி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கிட்டே போனதும் பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை மடித்து லைட்டின் முகத்தில் போட்டேன். புகை நின்றது. எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மறுபடி மூடினேன்.

இன்னொரு முறை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முந்தானையை அதன் மேலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானது. ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்றத்துக்காக ஒரு மனுஷனை அவன் சொந்த ஊரில், ஊர்ச் சனம் பார்க்க, கேட்கக்கூடாத வார்த்தை கேட்க வைத்தோம்.

விளக்குக்குத் திசை உண்டு

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் ஜெனரேட்டரோடு நான் பட்ட பாட்டை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "புருஷன் லைட் செட்டிங் வச்சிருந்தா நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" நியாயமான கேள்விதான். வீட்டில் இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சைட்டில் இருந்தால் திட்டுவதற்கு ஆள் கிடைப்பார்கள். இதுதான் உண்மையான காரணம்.

என் வீட்டுக்காரர் செல்வராசு பெரம்பலூரில் கடை வைத்திருக்கிறார். மேடை லைட், சீரியல் செட், லைட்டைத் தொங்கவிடுகிற ட்ரஸ் சட்டம் எல்லாம் வாடகைக்கு. கல்யாணமான புதிதில் நான் முதன்முதலாக அந்தக் கடைக்குள் போனபோது, மேடைக்கு வெளிச்சம் அடிக்கிற பார் லைட்டுகள் எல்லாம் தெற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. எங்கள் வீட்டில் சாமி விளக்கைத் தெற்கு பார்த்து ஏற்ற மாட்டார்கள். அது ஆகாது. விளக்கு என்றால் கிழக்கு பார்க்க வேண்டும்.

ஒவ்வொன்றாகத் தூக்கிக் கிழக்கே திருப்பி வைத்தேன். கனம் தாங்காமல் இடுப்புப் பிடித்துக்கொண்டது தனிக் கதை.

"இதெல்லாம் குத்துவெளக்கா தனம்? இரும்பு டப்பா" என்று அவர் சிரித்தார்.

"வெளிச்சம் குடுக்குதுல்ல? அப்ப வெளக்குதான்."

அந்த மாதம் முகூர்த்தம் அதிகமோ என்னவோ, வேலை மேல் வேலை வந்தது. அதற்குப் பிறகு அவர் சிரிப்பதை விட்டுவிட்டார். எந்த ஊருக்குப் போனாலும், சாமான்களை இறக்கியதும், தரையில் வைக்கிற லைட்டுக்கெல்லாம் நான் சந்தனம் குங்குமம் வைத்துக் கிழக்கே முகம் திருப்பிவிட வேண்டும். அதன் பிறகுதான் மற்ற வேலை. நான் மறந்தாலும் அவரே கேட்பார், "தனம், திருப்பிட்டியா?"

பார் லைட் இருந்த காலத்தில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. அது நிஜமாகவே இரும்பு டப்பாதான். வெயில் பட்டால் சுடும், சாயந்திரம் ஆறிவிடும். பீம் லைட் அப்படி இல்லை என்பது யாருக்குத் தெரியும்? அது கழுத்தைத் திருப்பும், தலையை நிமிர்த்தும், வானத்தில் வெளிச்சத்தைக் கம்பு மாதிரி நட்டு வைக்கும். முகத்தில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு நடுவில் புடைத்த கண்ணாடி. எட்டு லைட் வாங்கினோம். கடைக்கு வந்த அன்று நான் அந்தக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டேன்.

ரெண்டு தரம் இழுப்பவன்

ஆரோக்கியம் எங்களிடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தான். ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவனுக்கு. என் பிறந்த ஊர் அதற்கு அடுத்த ஊர். அதனால் நான் அவனுக்கு அக்கா, என் வீட்டுக்காரர் மாமா. அவர் அவனை மாப்ள என்பார். பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் கடையில் மெயின் லைன் இழுத்தது அவன் கைதான்.

வேலை தொடங்கும் முன் சிலுவை போட்டுக்கொள்வான். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வான். ஒரு வயரை முறுக்கி டேப் சுற்றியதும் ரெண்டு தரம் இழுத்துப் பார்ப்பான். இழுக்காமல் ஒரு ஜாயின்ட்டையும் விட்டதில்லை. "பொண்டாட்டி கைய விட்டாலும் விடுவான், வயரை விட மாட்டான்" என்று நான் கேலி பண்ணுவேன். அவன் மனைவி ஸ்டெல்லா கூட அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

போன வருஷம் அவன் ஊர் மாதா கோயில் திருவிழாவில் ஊர்க்காரர்களே நாடகம் போட்டார்கள். ஆரோக்கியம் கடைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, எங்க ஊரு சனம் வானத்தத் தொடுற லைட்ட பாத்ததே இல்ல. ஒருதரம் காட்டிப்புடணும். மாமாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

நாடகத்தில் வானதூதர் தோன்றும் கட்டம் ஒன்று உண்டு. தூதர் மேடைக்கு வந்து கையைத் தூக்கியதும், பின்னாலிருந்து நாலு லைட் ஒரே நேரத்தில் வானத்துக்கு எழும்ப வேண்டும். அதுதான் அவன் திட்டம். நாலு லைட்டை ட்ரஸ்ஸில் தொங்கவிட்டோம். மற்ற நாலை மேடைக்குப் பின்னால் தரையில் வைத்தோம். அந்த நாலுக்கும் தனி லைன் இழுத்தவன் ஆரோக்கியம்.

அன்று காலை வேலை முடிந்ததும் அவன் பூசைக்குப் போய்விட்டான். என் வீட்டுக்காரர் ட்ரஸ் மேல் இருந்தார். நான் தரையில் இருந்த நாலுக்கும் பொட்டு வைத்தேன். கோயில் வளாகத்தில் குங்குமத்தோடு நிற்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. அந்த வழியாக வந்த ஃபாதர், "பொட்டு அழகா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தில் நாலின் தலையையும் நிமிர்த்திக் கிழக்கே திருப்பினேன். கரண்ட் இல்லாதபோது அதன் கழுத்து கைக்குழந்தை கழுத்து மாதிரி சொன்னபடி கேட்கும்.

முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. மழை வந்தால் என்ன செய்வது என்று மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தினேன். பொட்டு தெரிய வேண்டும் என்பதற்காகத் தார்ப்பாயை விட்டுவிட்டு, கண்ணாடி போலத் தெரிகிற ஷீட்டாகப் பார்த்து எடுத்தேன். என் சாமர்த்தியம் அப்படி.

மழை வரவில்லை. நல்ல வெயில். பக்கத்திலேயே விறகு அடுப்பில் ஊர்ச் சாப்பாடு வெந்துகொண்டிருந்தது. அந்தப் புகையில் வேறு எந்தப் புகையும் யார் மூக்குக்கும் தெரியவில்லை.

வானதூதர் வந்தார்

சாயந்திரம் நாடகம் தொடங்கியது. சிறகு கட்டிய வானதூதர் மேடைக்கு வந்தார். கையைத் தூக்கினார். ஆரோக்கியம் போர்டில் பட்டனை அழுத்தினான்.

ஒன்றும் வரவில்லை. ஒரு லைட் மட்டும் சளிப் பிடித்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு நின்றுபோனது. மற்ற மூன்றும் அசையவே இல்லை. வானதூதர் தூக்கிய கையை இறக்காமல் நின்றார். மறுபடி பட்டன். மறுபடி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வந்தது.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஆரோக்கியம், மோட்சத்துல கரண்டு கட்டா?" என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"நியூட்ரல் விட்டுப் போயி வோல்டேஜ் எகிறியிருக்குடா. முறுக்குனியா இல்லையா?"

"ரெண்டு தரம் இழுத்துப் பாத்தேன் மாமா."

"நெசமா இழுத்துப் பாத்துருந்தா எப்படிரா கருகும்? ட்ரஸ் மேல நாலும் நல்லாத்தான இருக்கு? நீ இழுத்த லைனு மட்டும் எப்படி போச்சு? உன் கை இனிமே என் சாமான் மேல படக்கூடாது."

சுற்றி அவன் சொந்தக்காரர்கள் நின்றார்கள். ஸ்டெல்லா நின்றாள். நானும் நின்றேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பேசாதது மட்டும் இல்லை, "கவனமா இருந்திருக்கலாம்ல ஆரோக்கியம்" என்று வேறு சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

மறுநாள் அவன் லைட் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தான். வயரைத் தொடவில்லை. அதை நான் சுருட்டினேன். அதன் பிறகு அவன் கடைக்கு வரவில்லை. அரியலூரில் ஒரு லாரி யார்டில் கேட் பார்க்கிற வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். ஒரு மெக்கானிக் லைட்டுகளை மேலோட்டமாகப் பார்த்து, "ஓவர் வோல்டேஜ் மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனான். நாங்களும் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நாலையும் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டோம். பிறகு மழைக்காலம், கல்யாண மண்டபத்துக்குள் வேலை. பீம் லைட் வெயிலில் தரைக்கு வர வேண்டிய தேவையே இல்லாமல் போனது, ரஞ்சன்குடி வரைக்கும்.

சூரியன் போன தடம்

ஜெனரேட்டர் வண்டியோடு வந்து இறங்கிய என் வீட்டுக்காரர், பாதிச் சேலை லைட் மேலும் பாதி என் மேலுமாக நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"என்னாச்சு தனம்? மயக்கமா?"

"கரண்டே குடுக்கலங்க. புகையுது."

அவர் பக்கத்து மூடியைக் கழற்றினார். நான் முந்தானையை எடுத்தேன். உள்ளே கறுப்பு வயர்ப் பட்டையின் மேல் கடுகு அளவுக்கு ஒரு வெளிச்சம், பார்க்கக் கண் கூசியது. அதைச் சுற்றி வயர் கொப்பளித்திருந்தது. பூதக் கண்ணாடியை வெயிலில் காட்டிக் காகிதத்தைக் கொளுத்தாத பிள்ளை உண்டா? நானும் கொளுத்தியிருக்கிறேன். அதே கண்ணாடியைப் பெரிதாக வாங்கி, பொட்டு வைத்து, சூரியனுக்கு நேராக நானே திருப்பி வைத்திருக்கிறேன்.

அவர் லைட்டின் தலையை மெதுவாகத் தரையைப் பார்க்கக் கவிழ்த்தார். அன்றைய விழாவை மேலே தொங்கியவற்றை வைத்து ஒப்பேற்றினோம்.

மறுநாள் காலை பரணிலிருந்து நாலையும் இறக்கிக் கழற்றினார். நாலிலும் உள்தகட்டின் மேல், வயர்ப் பட்டைக்குக் குறுக்கே, ஒரு கறுப்புக் கோடு. ஒரே நீளம், ஒரே சாய்வு. சூரியன் மேலே ஏற ஏற, அந்தக் கடுகு வெளிச்சம் உள்ளே நகர்ந்து நகர்ந்து எரித்துக்கொண்டே போன தடம் அது. கரண்ட் கோளாறு என்றால் எங்கே வேண்டுமானாலும் எரிந்திருக்கும், நாலிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்காது. ட்ரஸ்ஸில் இருந்தவை கீழே பார்த்துத் தொங்கியதால் பிழைத்தன.

"நான்தாங்க திருப்பி வச்சேன்."

"திட்டுனது நான்தான?"

"காரியத்தக் கெடுத்தது நான்."

"வார்த்தய விட்டது நான்."

பாவத்துக்குப் பங்கு கேட்டுச் சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி நாங்களாகத்தான் இருப்போம். அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் பீம் லைட் வெயிலில் தலை குனிந்துதான் நிற்கும். தலைக்கு நான் தைத்த உறை. வெளியே வெள்ளைத் துணி, உள்ளே வெளிச்சம் நுழையாத கெட்டிக் கறுப்புத் துணி, அடியில் நாடா. பிளாஸ்டிக் ஷீட் மழைக்கு மட்டும்தான், வெயில் அதற்குள் சொந்த வீடு மாதிரி வந்து போகும். வண்டியில் ஏற்றும்போதும் கண்ணாடி மேலே பார்க்கக் கூடாது. கடையில் மேற்கு ஜன்னலுக்கு நேரே வைத்தால்கூட சாயந்திர வெயில் வந்து எட்டிப் பார்க்கும். தொழில்காரர்கள் யாராவது படித்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் என்னிடம், "காலை வெயிலு ஒடம்புக்கு நல்லதுதான அக்கா?" என்று கேட்டார். "ஒடம்புக்கு நல்லது, லைட்டுக்குக் கொள்ளி" என்றேன். கிழக்கு பார்த்து இப்போது ஒரு அகல் விளக்கு மட்டும் ஏற்றுகிறேன்.

அரியலூருக்கு

லைட்டைக் கழற்றிப் பார்த்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினோம். ஜன்னல் கம்பியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருந்தது. மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் கறுப்புக் கோடு விழுந்த தகடு ஒன்று.

ஆரோக்கியம் வாடகைக்கு இருந்த வீடு டவுனுக்கு வெளியே. எங்களைப் பார்த்ததும் எழுந்து சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டான்.

"வாங்க அக்கா. வாங்க மாமா. ஸ்டெல்லா, யாரு வந்துருக்காங்க பாரு."

நேற்றுத்தான் பிரிந்தவன் மாதிரி நாற்காலி எடுத்துப் போட்டான். அதுவே என்னைப் பாதி கொன்றுவிட்டது. என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது, திருப்பியது, ஷீட் போட்டது, ரஞ்சன்குடியில் புகை வந்தது, நாலிலும் கோடு இருந்தது.

அவன் தகட்டை வாங்கி, கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நியூட்ரலு?" என்று கேட்டான்.

"நியூட்ரல் சரியாத்தான் இருந்துருக்கு மாப்ள" என்றார் இவர்.

"ரெண்டு தரம் இழுத்துப் பாத்தேன் மாமா. அன்னைலேர்ந்து அதையேதான் நெனச்சிட்டு இருக்கேன். மூணாந்தரமும் இழுத்துருக்கணுமோன்னு. வயரக் கையில எடுத்தா நடுங்குது. சரி, நமக்குக் கை போயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

நாங்கள் ஒருத்தன் வேலையைத்தான் கெடுத்தோம் என்று நினைத்திருந்தேன். அவன் தன் கையையே நம்பாமல் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மாப்ள, அன்னைக்கு நான் சொன்னத..." என்று ஆரம்பித்தார்.

ஆரோக்கியம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "ஸ்டெல்லா, அடுப்ப அணைச்சிட்டு இங்க வா." அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். "அக்கா, இப்ப சொன்னீங்கள்ல, இவகிட்டயும் ஒருதரம் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் அன்று கூட்டத்தில் நின்றவள்.

ஸ்டெல்லா கடைசிவரை கேட்டாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பொறவாசல் லைட்ட நீங்களே மாட்டுங்க. இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து இருட்டுலதான் பாத்திரம் கழுவுறேன்."

எனக்குப் புரியவில்லை. "ஏம்மா, வேற ஆளக் கூப்புட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"எலெக்ட்ரீஷியன் வூட்டுக்குள்ள இன்னொரு எலெக்ட்ரீஷியன எப்படிக்கா கூப்புடுறது?"

ஆரோக்கியம் எழுந்தான். அலமாரிக்கு மேலிருந்து டெஸ்டரை எடுத்துத் தூசி ஊதினான். பின்பக்கம் போய் முக்காலியைப் போட்டு ஏறினான். முக்காலி ஆடியது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் குனிந்து அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் ஹோல்டரைக் கழற்றினான். முதலில் விரல் நடுங்கியது. வயரை முறுக்கத் தொடங்கியதும் நடுக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஸ்டெல்லா சுவிட்சைப் போட்டாள்.

உச்சிப் பொழுது, வெயில் கொளுத்துகிறது. அந்த வெயிலில் ஒரு பல்பு எரிவதை நாங்கள் நாலு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். யாருக்கும் அதை அணைக்க மனசு வரவில்லை.